ரோசாவின் இசைத்தட்டு

ஊசி இறங்கியதும் முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு பொரிச்சல் கேட்கும்; பிறகு அக்கோர்டியன் நீளமாய் மூச்சிழுத்துத் தொடங்க, அதன்மேல் மின்கிதாரும் டிரம்ஸும் வந்து விழும். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டில், எனக்குப் பத்து வயதான குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் ஓடியது அந்த ஒரே இசைத்தட்டுத்தான்.

அதை அம்மாவுக்குக் கொடுத்தவர் அவரோடு தையல் தொழிற்சாலையில் வேலைசெய்த ரோசா. டெக்சாஸில் பிறந்து, கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்தவர். தன் ஊர்ப் பெடியன்கள் நாலுபேர், பெரியவர்கள் கலியாண வீடுகளில் வாசித்த தெஹானோ என்ற டெக்சாஸ் மெக்சிக்கர் இசையோடு ரொக் இசையைக் கலந்து போட்ட முதல் தட்டு இது என்று பெருமையாகத் தந்தாராம். ஸ்பானிஷ் ஒரு சொல்லும் அறியாத அம்மாவுக்கு அந்த அக்கோர்டியன் மட்டக்களப்புப் "பைலா" ஆட்டப் பாட்டு மாதிரியே இருந்தது. "என்ட தம்பி இதக் கேட்டானெண்டா மேசையில ஏறி ஆடுவான்" என்பார். அந்தத் தம்பி, என் மாமா, அப்போதும் போர் நடந்துகொண்டிருந்த மட்டக்களப்பில்தான் இருந்தார். வீட்டில் தொலைபேசி இல்லாததால் மாதம் ஒருமுறை "கொமினிகேசன்" கடைக்கு நடந்துபோய், வரிசையில் நின்று எங்களை அழைப்பார்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அம்மா குசினியில் இருக்க, நான் தட்டின் கடைசிப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டு, சொக்ஸ் காலோடு வழுக்கி ஆடிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எனக்குக் கேட்டது. பாட்டு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருமுறை நின்று மறுபடியும் அடித்தது. பாட்டு முடிந்தபோது அதுவும் நின்றிருந்தது.

மூன்று கிழமை கழித்து, மாமாவின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. ஆட்கள் வீடு தேடி வந்து விசாரித்துப் போனதால், கொழும்பில் யாரிடம் போய்த் தங்கலாம் என்று அக்காவைக் கேட்கத்தான் மாமா அன்று கடைக்குப் போயிருக்கிறார். இரண்டு தரம் எடுத்தும் பதில் இல்லை. திரும்பி வரும் வழியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, தட்டை எடுத்து உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேசில் வைத்துப் பூட்டினார். ஏனென்று நான் கேட்கவில்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நம்பினேன். அதன்பிறகு அந்த வீட்டில் பாட்டே இல்லை.

மாமா திரும்பி வரவில்லை. அம்மா இப்போது என்னோடு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிறார். போன மாதம் அவரை மருத்துவமனையிலிருந்து கூட்டிவரும்போது, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நின்ற நேரத்தில், முப்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அம்மா, அண்டைக்குப் போன் அடிச்சது எனக்குக் கேட்டது."

அவர் இருக்கைப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் கேட்டது புள்ள. சனிக்கிழமையும் வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுறாங்க எண்டு நினைச்சுப் பேசாம நிண்டன். பாட்டுச் சத்தத்தில கேட்கல்ல எண்டு உன்ட மாமிக்கு எழுதினன்."

தையல் தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம். ரோசா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அந்தச் சூட்கேசும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. இணையத்தில் தேடினால் அந்தக் குழுவின் பிந்திய பாடல்கள் கிடைக்கின்றன, முதல் தட்டு மட்டும் இல்லை. மாமியும் இரண்டு வருடத்துக்கு முன் மட்டக்களப்பில் காலமாகிவிட்டார். இனி உண்மையை எழுதி அனுப்புவதற்கு அங்கே எங்களுக்கு யாருமில்லை.