அத்தையின் இடது செருப்பு

ஜெலுத்தோங் சந்தையில் அத்தையின் கடை மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று கிடக்கிறது. பாதத்தின் வடிவம் கொண்டது. குதிகால் பக்கம் தடித்தும் விரல் பக்கம் மெலிந்தும் இருக்கும். ஓரத்தில் பழைய பசையின் மஞ்சள் கறை. மேசைமேல் அடுக்கிய வாழையிலைக் கட்டுகளிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி அது எந்நேரமும் நனைந்தே இருக்கிறது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் மட்டும் சந்தைக்குப் போகும்போதெல்லாம் முதலில் குனிந்து, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அத்தையின் முகத்தைப் பார்க்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிறக்கும்போதே இடது இடுப்புக் குழி சரியாக அமையவில்லை. நடக்கத் தொடங்கிய பிறகுதான் அது வீட்டாருக்குத் தெரிந்ததாம். இடது கால் சற்றுக் குட்டை. திருமணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். என் சிறுவயதில், அடுக்குமாடி வீட்டின் வெளி நடையில் யார் வருகிறார்கள் என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். ஓர் அடி அழுத்தமாகவும் அடுத்தது மெல்லியதாகவும் கேட்டால் அத்தை. அந்த ஓசைக்கு முன்னால் கறிவேப்பிலை வாசனை வந்துவிடும். தெருவில் அவரை வேறொரு சொல்லால் அழைத்தவர்களும் உண்டு. சிலர் வெறுப்பில்லாமல், அடையாளம் சொல்வதற்காக மட்டுமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். வலி என்னவோ ஒன்றுதான் என்பதை நான் வளர்ந்த பிறகே புரிந்துகொண்டேன்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அதிகம் பேசாதவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் தங்கைக்கு ஒரு சோடி செருப்பு வாங்குவார். வாங்கியதை நேரே வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளின் முன்நடையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கொடுத்து, இடது செருப்பின் அடியில் ரப்பர் அடுக்கு வைத்து ஒட்டச் செய்வார். பிறகு இரண்டையும் கட்டைவிரலால் அளந்து பார்ப்பார். சரியில்லை என்றால் அங்கேயே நின்று பிரிக்கச் சொல்லி மறுபடி ஒட்டவைப்பார். மற்ற வீடுகளில் பெண்கள் அண்ணன் எடுத்துக் கொடுத்த சேலையைக் காட்டுவார்கள். எங்கள் அத்தை செருப்பைக் காட்டுவார். “எங்கண்ணன் காரியம்லா. கடையில இப்படி விப்பானா?”

ஐம்பதைத் தாண்டிய பிறகு இடுப்பு மூட்டு முற்றாகத் தேய்ந்துபோனது. சந்தையில் நிற்க முடியாமல், பலகையில் சாய்ந்தபடி வியாபாரம் செய்தார். நான் அப்போது பட்டம் முடித்து, செபராங் ஜெயாவில் உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் சிறிய அமைப்பு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செயற்கை மூட்டு வைத்துக்கொண்டால் என்ன நடக்கும், வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் முன் உட்கார்ந்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை ஒன்றே ஒன்று சொன்னார். “சரி, அறுத்துக்கிறேன். ஆனா ஒண்ணு பாப்பா. நொண்டாம நடந்தாத்தான் கடைக்குத் திரும்பிப் போவேன். நொண்டிக்கிட்டுப் போனவ நொண்டிக்கிட்டே வந்தா, எதுக்கு அறுத்தாங்கன்னு சந்தையே கேக்கும். அதுக்குக் கடைய விட்டுடலாம்.”

அது வீம்பு என்று நினைத்தோம். கடைதான் அத்தைக்கு எல்லாம். அங்கேதான் அவர் யாருடைய தங்கையாகவும் யாருடைய அத்தையாகவும் இல்லாமல் தாமாக இருந்தார். அதைப் பணயம் வைத்துத்தான் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு கால்களையும் சம நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக மருத்துவர் சொன்னபோது அப்பா கைகூப்பினார். வீட்டுக்கு அனுப்பும் நாளில், பின்பக்கம் வார் உள்ள செருப்புத்தான் போட வேண்டும் என்று தாதி சொல்லியிருந்ததால், அப்பா காலையிலேயே போய் அப்படியொரு சோடி வாங்கிவந்தார். அத்தை குனியக் கூடாது. ஆகவே அப்பாவே கட்டிலருகே மண்டியிட்டு, தங்கையின் காலில் செருப்பை மாட்டி வாரை இழுத்துப் பூட்டினார்.

“அண்ணே, என்ன இது! எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்லா. உன் காலு, என் தங்கச்சி காலு. அவங்களுக்கு என்ன?”

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. அந்தக் கணத்தில் யாரும் செருப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வித்தியாசமாகத் தோன்றியிருக்காது. எத்தனையோ தீபாவளிகளாக எப்படி வந்ததோ அப்படியேதான் வந்திருந்தது. அப்பா கடையிலிருந்து நேரே மருத்துவமனைக்கு வரவில்லை. வழக்கம்போல முன்நடைக்காரரிடம் போய், இடது பக்கம் அடுக்கு ஒட்டி, கட்டைவிரலால் அளந்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே எல்லாம் விளங்கியிருக்கும். எங்களுக்கு மாதக்கணக்கில் விளங்கவில்லை.

வீட்டுக்குள் அத்தை நாளுக்கு நாள் தேறினார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவார்; ஊன்றுகோலை விட்டார்; பிறகு மேடையையும் விட்டார். மருத்துவமனைப் பயிற்சி அறையிலும் அப்படித்தான். தரையெல்லாம் மெத்தை விரித்த அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பயிற்சியளித்த மலாய்ப் பெண், “மக்சிக் அழகாக நடக்கிறார்” என்று, பெரியம்மாவை அழைப்பதுபோல் சொல்லிக் கைதட்டுவார். ஆனால் படியிறங்கித் தெருவில் கால் வைத்ததும் அத்தை நொண்டினார். முன்பு இடப்பக்கம் சாய்ந்த உடம்பு இப்போது வலப்பக்கம் சாய்ந்தது. அதைக்கூட நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நொண்டல் நொண்டல்தானே என்று இருந்துவிட்டோம்.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். “வீட்டுக்குள்ள நல்லா நடக்குறா, வாசல் தாண்டினா இழுக்குறா. கண்ணுதான் பட்டிருக்கு” என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். தெருவைக் கண்டு பயப்படுகிறாள் என்றார் அப்பா. நான் படித்தவள் அல்லவா? வாழ்நாளெல்லாம் பழகிய நடையை உடம்பு எளிதில் மறக்காது என்றும், அந்நியர் பார்வை படும் இடத்தில் பழைய நடை திரும்பிவிடும் என்றும் நீளமாக விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப தெருவுல இருக்கிறவங்கள எல்லாம் உள்ள போகச் சொல்லு” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு வெளியே போவதைக் குறைத்தார். வெளியில் நொண்டல் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பயிற்சிப் பெண் சொன்னதை, மறுபடி அறுக்கப் போகிறார்கள் என்றே அத்தை எடுத்துக்கொண்டார். சந்தையில் வெட்டிய பழம் விற்கும் ஒருவர் அவருடைய இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து பதில் சொல்றேன்” என்று அத்தை அவருக்குச் சொல்லியனுப்பினார். பதில் என்னவாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பா காரை ஓட்டிவந்து கோயிலுக்கு எதிரே நிறுத்தினார். தமக்கு முதுகு வலிக்கிறது என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் அத்தையும் உள்ளே போனோம். வெறுங்காலுடன் பிரகாரம் சுற்றும்போது அத்தையின் நடையில் குறையே தெரியவில்லை; சாமி முன்னால் மட்டும் பயம் போய்விடுகிறது போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். தீபாராதனை முடியும் நேரத்தில் மழை பிடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிச் செருப்புகளை மாட்டினார்கள். நாங்கள் மெதுவாக வந்து பார்த்தபோது அத்தையின் செருப்பு இருந்த இடத்தில், அதே போன்ற கறுப்பு வார்ச் செருப்பு வேறொரு சோடி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தோம். மழையில் தலைமேல் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் வெளிவாசலைத் தாண்டிச் சாலையோரம் போய்க்கொண்டிருந்தார். அத்தையின் வயதுகூட இருக்காது, திடமான உடம்பு. அந்தப் பெண் நொண்டினார். இடது தோள் எழும்ப, உடம்பு வலப்பக்கம் சரிய, அப்படியே அத்தையின் நடை. நாங்கள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்ட அதே நடை, முன்பின் தெரியாத ஒருவரின் கால்களில் போய்க்கொண்டிருந்தது.

சில அடிகள் போனவர் நின்று, காலைத் தூக்கிப் பார்த்து, திரும்பி வந்தார்.

“அக்கா, இது உங்க செருப்பா? ஐயோ, மன்னிச்சுக்குங்க. நான் காலு சுளுக்கிருச்சுன்னே நெனச்சுட்டேன். ஒரு பக்கம் தூக்குதுலா! இத போட்டுக்கிட்டு எப்படிக்கா நடக்குறீங்க?”

அத்தை கையை நீட்டினார். செருப்பை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தப் பெண் தம் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக, வேகமாக நடந்து போவதைப் பார்த்தார். பிறகு ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் மதில்வரை போய்த் திரும்பி வந்தார்.

“பாப்பா, பின்னால இருந்து பாத்தியா?”

“பாத்தேன் அத்தை.”

“எப்படி?”

“நேரா இருக்கு. லேசா ஒரு அசைவு, அவ்வளவுதான்.”

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். கோயிலில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. சாலைக்கு அப்பால், கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் காரைப் பார்த்தார்.

“அண்ணன்கிட்ட சொல்லிடாத.”

“சொல்லாம எப்படி? நாளைக்கும் இதையே போடுவீங்களா?”

“நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம். மண்டி போட்டு மாட்டிவிட்டான்லா, பாப்பா.”

நான் அந்த மழையில் நின்று இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். சொன்னால் அப்பா நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் அத்தை கடையை இழப்பார். நான் முடிவுக்கு வருவதற்குள் அத்தை முடிவெடுத்துவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டார். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று, நேராக நடக்கத் தெரிந்த கால்களோடு, கார்வரை நொண்டிக்கொண்டே போனார். அன்பு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தச் சில அடிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

மறுநாள் காலை வாசலில் கரகரவென்று ஓசை கேட்டு எழுந்துபோனேன். அப்பா பழைய செய்தித்தாளை விரித்து, அத்தை வாழையிலை நறுக்கும் கத்தியால் இடது செருப்பின் அடுக்கை அறுத்துக்கொண்டிருந்தார். அத்தை கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“அந்தப் பொம்பள உன்ன மாதிரியே நடந்தாளா, காருலேருந்து பாத்தேன்” என்றார் அப்பா, தலை நிமிராமல். “முதல்ல நீதான்னு நெனச்சேன். நீ எதுக்கு மழையில தனியா போறேன்னு கதவத் திறக்கப் போனேன். அப்புறம் பாத்தா நீ வெறுங்காலோட உள்ள நேரா நடக்குற.” கத்தி நின்றது. “இத்தன நாளும் நான்தான் உன்ன நொண்ட வச்சிருக்கேன்.”

“ஆமா, நீதான்” என்றார் அத்தை. “அதுக்கு முன்னால இத்தன வருசமா நிமித்தி நடக்க வச்சதும் நீதான். ஓரமா அறுண்ணே, செருப்பு போயிடப் போவுது.”

அப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அத்தை மட்டும், “கத்திய வச்சுட்டுச் சிரி, கையறுத்துக்காத” என்றார். அறுந்து விழுந்த துண்டை அப்பா குப்பையில் போடப் போனபோது, அத்தை அதை வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டார்.

செருப்பைச் சரிசெய்ததும் நொண்டல் மறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். கோணலாக நடந்த மாதங்களில் தசைகள் கோணலுக்குப் பழகியிருந்தன. மீண்டும் சமையல் மேடை, மீண்டும் பக்கவாட்டுப் பயிற்சி. பயிற்சிப் பெண் நடந்ததைக் கேட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறி, அன்றுமுதல் வருகிறவர்களின் செருப்பை உள்ளே கொண்டுவரச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். என் வேலையிலும் ஒரு மாற்றம் வந்தது. யாருக்கு எந்த உதவி வேண்டும் என்று கேட்பதோடு நான் முன்பு நிறுத்திக்கொள்வேன். இப்போது, ஏற்கெனவே செய்துவரும் உதவி இன்னும் வேண்டுமா என்றும் கேட்கிறேன். இரண்டாவது கேள்வியைக் கேட்பது கடினம். உதவி செய்துவந்தவர் பெரும்பாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

பழக்கடைக்காரருக்கு அத்தை ‘இல்லை’ என்று பதில் அனுப்பினார். அத்தை கடைக்குத் திரும்பிய காலையில் அப்பாவும் நானும் உடன் போனோம். வாசலிலிருந்து கடைவரை அத்தை எங்கள் கையைப் பிடிக்காமல் நடந்தார். பக்கத்துக் கடையில் தவ்ஹூ என்னும் சோயாக் கட்டி விற்கும் சீன அம்மா வெட்டுவதை நிறுத்திப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மூடிக் கிடந்த மேசைமேல் இலைக்கட்டை வைத்ததும் அது ஒரு பக்கம் ஆடியது. அத்தை பையிலிருந்து அந்த ரப்பரை எடுத்து நீட்டினார். அப்பா மண்டியிட்டு, மேசைக்காலைத் தூக்கி, அதை அடியில் செருகினார். எழுமுன், வழக்கம்போலக் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார்.

அப்பா போன வருடம் காலமானார். அத்தை இப்போது என் வீட்டுக்கு வரும்போது யார் வருகிறார்கள் என்று கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு அடிகளும் ஒரே ஓசை. சென்ற வாரம் சந்தைக்குப் போனபோது, மேசை உளுத்துவிட்டது, புதிது ஒன்று செய்துவிடலாம் என்று சொன்னேன். அத்தை வாழையிலையை மடித்துக்கொண்டே காலால் அந்த ரப்பரை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“எனக்குத்தான் இது வேணாம்னு ஆயிருச்சு பாப்பா. மேசைக்கு இன்னும் வேணும்லா.”

உள்ளங்கையை ஊன்றி மேசையை ஒருமுறை அழுத்தினார். அது ஆடவில்லை.