உபால்டினா போட்ட சிவப்புக் கோடு

சாந்தா ஒலாயா மாவட்டத்தின் நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவேடு என்னிடம் இருந்தது, இறப்புப் பதிவேடு உபால்டினா சாரவியாவிடம். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு மண்பானை. பதினேழு வருஷம் அந்தப் பானையிலிருந்துதான் இருவரும் தண்ணீர் குடித்தோம்.

என் பதிவேட்டில் பெரிய பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ரொட்டி சுடுபவர்களின் பிள்ளைகள், டிராம் ஓட்டுபவர்களின் பிள்ளைகள், அப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள். அவளுடையது அப்படியில்லை. லிமா நகரத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாடகை குறைவு, நெஞ்சுநோய் மருத்துவமனை இங்கேதான், காளைச்சண்டை அரங்கமும் இங்கேதான். பேரும் புகழுமாக இருந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் போனதும் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். சிலர் விடிய விடியப் பாடிக் குடிக்க வந்து அப்படியே சாய்ந்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு வானொலி நகைச்சுவையாளர்கள். முடிவெட்டும் நாற்காலியிலேயே தலை தொங்கிப்போன ஒரு செனட்டர். வானொலி நாடகத்தில் கொடுமைக்கார மாமியாராக நடித்து, சந்தையில் பெண்களிடம் தக்காளி அடி வாங்கிய ஒரு நடிகை. எல்லோரும் உபால்டினாவின் கையெழுத்தில்தான் கடைசியாக முடிந்தார்கள்.

அவள் எழுதுவதில் பிடிவாதக்காரி. ஒரு முறை சர்க்கஸ் கோமாளி ஒருவர் இறந்தார். மகன் வங்கி அதிகாரி, கோட்டும் தொப்பியுமாக வந்திருந்தான்.

"தொழில்ங்கற இடத்துல வியாபாரம்னு போடுங்கம்மா."

"என்ன வித்தாரு?"

அவன் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் திருகினான்.

"எனக்கு ஏழு வயசுல உங்கப்பா தண்ணி வாளிக்குள்ள தலைகீழா விழுந்து காட்டினாரு தம்பி. எங்கம்மா செத்து மூணு மாசம் ஆகியிருந்துச்சு. அன்னிக்குத்தான் நான் மறுபடியும் சிரிச்சேன். கோமாளின்னு எழுதறேன். பிடிக்கலேன்னா கையெழுத்து போடாதீங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு வராந்தாவில் நின்று வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் சொல்வது அவளைப் புகழ்வதற்காக இல்லை. 1961 அக்டோபரில் அவள் செய்த காரியம் அவளுக்கு எவ்வளவு தொலைவான காரியம் என்று தெரிய வேண்டும்.

அந்த வருஷம் அவள் கணவர் அன்செல்மோவுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. டிராமில் டிக்கெட் கொடுப்பவர். இருமினால் கைக்குட்டையில் சிவப்பாக வந்தது. நெஞ்சுநோய் மருத்துவமனையில் படுக்கை வேண்டி மே மாதமே பெயர் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்க் கேட்டாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த வாரம் என்றார்கள். அக்டோபர் பிறந்ததும், ஊரில் பாதிப் பெண்கள் சிலுவை ஊர்வலத்துக்காக உடுத்தும் ஊதா அங்கியை அவளும் உடுத்தினாள். மாதம் முடிகிறவரை கழற்றுவதில்லை என்று நேர்ச்சை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, இன்னொரு ஊதா அங்கிக்காரி வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் மருத்துவரின் சீட்டு. கரிப்புகை வாசம் அடித்தது. பிறகுதான் தெரிந்தது, காளைச்சண்டை அரங்கத்தின் வாசலில் மாட்டு இதயத்தைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பவள், பெயர் எடெல்மிரா.

"ஒருத்தர் செத்துட்டாரும்மா. எழுதணும்."

"பேரு?"

"லெயாந்த்ரோ மெண்டீவில்."

என் பேனா நின்றுவிட்டது. "எந்த மெண்டீவில்?" என்று நான்தான் கேட்டேன். நாடு முழுக்க வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். அவர் பாட்டு ஒலிக்காத ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலும் கிடையாது.

"எனக்குத் தெரிஞ்சு ஒரே மெண்டீவில்தான் சார். சாப்பிட உக்காந்தாரு. மொச்சையில உப்பு கம்மின்னாரு. உப்பு எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்."

உபால்டினா தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவள் குடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பதினோரு வருஷமா திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் என் வீட்டுலதான் இருப்பாரு. வெள்ளி, சனி, ஞாயிறு அவங்க வீடு. இதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரோ அதைப் போடுங்க."

'உடன் வசித்தவர்' என்று உபால்டினா எழுதினாள். இடம்: ஊற்றுச் சந்து, பதினான்காம் எண் அறை. நேரம்: பகல் ஒன்று பத்து. எடெல்மிராவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரலை மையில் தோய்த்து ஏட்டில் வைத்தாள். விரலைத் துடைக்க உபால்டினா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

எடெல்மிரா திரும்பிப் போனபோது கட்டில் காலி. மெண்டீவிலின் மைத்துனரும் வேறு இரண்டு பேரும் கறுப்புக் காரில் வந்திருக்கிறார்கள். செத்தவருக்குத் தொப்பி வைத்து, உயிரோடு இருப்பவரைப் போலப் பின்சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். சந்துக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

நான்கு மணிக்கு நகராட்சிச் செயலாளர் புஸ்தியோஸ் உபால்டினாவைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே மெண்டீவில் குடும்பத்து வக்கீல் உட்கார்ந்திருந்தார். அங்கே நடந்ததைப் பின்னால் அவளே நீதிபதியிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு மனுஷன் தன் வீட்டுல, பொண்டாட்டி பிள்ளைங்க நடுவுல செத்தாதானேம்மா மரியாதை?" என்றார் வக்கீல்.

"ஆமாங்க. ஆனா இவரு அங்க சாகலையே."

"அவரு வீடு இருக்கற கடலோர மாவட்டத்துல எழுதறதுக்கு எல்லாம் தயார். அங்க ஒரு டாக்டர் சீட்டும் கொடுத்துட்டாரு. உங்க ஏட்டுல இருக்கறதுதான் இடிக்குது. தப்பா எழுதிட்டோம்னு ஒரு கோடு. வேற ஒண்ணும் கேக்கலை."

"தப்பா எழுதலையே சார்."

புஸ்தியோஸ் அதுவரை நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படியிருக்கு? நாளைக்குக் காலையில அங்க ஜன்னலோரமா ஒரு படுக்கை காலியாகுதாமே. ஆஸ்பத்திரி டைரக்டர் யாருன்னு நினைச்சீங்க? நம்ம வக்கீல் சாரோட சகலை."

உபால்டினா மேசைக்கு வந்தாள். அடிமட்டத்தை எடுத்தாள், சிவப்பு மைப்புட்டியைத் திறந்தாள். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. ஓரத்தில் 'தவறுதலாக எழுதப்பட்டது, செல்லாது.' மருத்துவரின் சீட்டைக் கோப்பிலிருந்து உருவி, வாசலில் நின்றிருந்த வக்கீலிடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தாள். நான் அவசர அவசரமாக ஏதோ ஒரு குழந்தையின் பெயரை எழுத ஆரம்பித்தேன்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே செய்தி. கடலைப் பார்த்த தன் வீட்டில், மனைவி ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கையில் மெண்டீவிலின் உயிர் அமைதியாகப் பிரிந்ததாம். சவ ஊர்வலத்தில் அமைச்சர் ஒருவர் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எடெல்மிராவைக் கல்லறை வாசலுக்குள்கூட விடவில்லை.

அன்செல்மோவுக்குப் படுக்கை கிடைத்தது. ஊசி, பால், இறைச்சி சூப்பு, மத்தியான வெயில். பத்து நாளில் இருமல் பாதியாகக் குறைந்தது. வார்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது, நாள் முழுக்க மெண்டீவில்தான்.

"கொடுத்து வச்சவன்டி," என்றாராம் அன்செல்மோ. "கடலைப் பாத்துக்கிட்டே போயிருக்கான் பாரு."

அவள் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அலுவலகத்தில் என்னிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். செத்தவர்களின் வீட்டார் வந்தால் முகத்தைப் பார்க்காமலே எழுதினாள். சொன்ன தொழிலைச் சொன்னபடி போட்டாள்.

நவம்பர் நடுவில் எடெல்மிரா வந்தாள்.

"அன்னிக்கு எழுதினதுக்கு ஒரு நகல் வேணும்மா."

"எதுக்கு?"

"சந்துல என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. கண்ணால பாத்தவங்களே இப்ப பேப்பர்ல வந்ததைத்தான் சொல்றாங்க. 'எவனோ குடிகாரன் உன் கட்டில்ல செத்தான், அதைப் போயி மெண்டீவில்ங்கறே'ன்னு குழாயடியில கேக்குறாளுங்க. சொத்து கேக்கலை, சட்டை துணிகூடக் கேக்கலை. ஒரு காயிதம் கொடுங்க."

"அப்படி எதுவும் பதிவாகலைம்மா."

எடெல்மிரா புரியாமல் நின்றாள். பிறகு தன் கட்டைவிரலை நீட்டினாள். "இந்த விரலை வச்சேனே. நீங்கதானே கைக்குட்டை கொடுத்தீங்க? என் வீட்டுல இன்னும் இருக்கு. துவைச்சு வச்சிருக்கேன், திருப்பித் தரலாம்னு."

உபால்டினா முன்னால் இருந்த ஏட்டை மூடினாள். எடெல்மிரா என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் இருந்தீங்களே சார்?"

"எனக்கு ஞாபகமில்லைம்மா," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று மாலையே உபால்டினா மருத்துவமனைக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அன்செல்மோ கால்களைத் தொங்கவிட்டு செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு. அந்தப் பொம்பளைகிட்டேருந்து பொணத்தைத் திருடிக் கொடுத்து வாங்கின கட்டில்லயா என்னைப் படுக்க வச்சே?"

"நீங்க எந்திரிச்சு வந்துட்டா அவரு திரும்பி வந்துடுவாரா? நான் செஞ்சது செஞ்சதுதான். அதுக்கு நீங்களும் செத்துத்தான் ஆகணுமா? குணமாகற வரைக்கும் இருங்க. அப்புறம் நான் என்ன செய்யணுமோ செய்யறேன்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாரக்கணக்கில் அவளோடு பேசவில்லை. ஆனால் இருந்தார். பிப்ரவரி கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மார்ச் முதல் திங்களன்று உபால்டினா வேலைக்கு வரவில்லை. இறப்புப் பதிவுகளைத் திருத்த அதிகாரமுள்ள நீதிபதியிடம் போய், உண்மையான பதிவு ஒன்றைப் பொய் சொல்லி அடித்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். தன்னையும் புஸ்தியோஸையும் வக்கீலையும் பெயர் சொல்லி எழுதியிருந்தாள். படுக்கையைப் பற்றியும் எழுதியிருந்தாள்.

விசாரணைக்கு ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அடித்துவிட்ட எழுத்துக்கு மதிப்பில்லை, மருத்துவரின் சீட்டும் இல்லை, ஊற்றுச் சந்தில் வந்து பார்த்த மருத்துவர் அப்படி யாரையும் பார்க்கவேயில்லை என்றுவிட்டார். புஸ்தியோஸ் சிரித்துக்கொண்டே, பாவம், கணவர் நோயில் இவருக்குக் கொஞ்சம் புத்தி தடுமாறிவிட்டது என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பெண் வந்து பதிவு செய்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

முந்தைய நாள் புஸ்தியோஸ் என்னிடம் வந்து இறப்பு மேசைக்குச் சம்பளம் அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தார். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு நான்கு பெண்பிள்ளைகள். இதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்லலாம்தான். உண்மையில் அந்த நிமிஷம் எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"நான் கவனிக்கலை ஐயா," என்றேன்.

உபால்டினா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மனிதர் இரண்டு மாவட்டங்களில் இறக்க முடியாது, கடலோர மாவட்டத்துப் பதிவே செல்லும் என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார். உபால்டினாவுக்கு வேலை போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. வயதையும், தானாக வந்து சொன்னதையும் பார்த்துச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் அவளுடைய வாக்குமூலம் நீதிமன்றக் கோப்பில் இருந்தது. அதன் நகலைக் கேட்டு வாங்க எடெல்மிராவுக்கு உரிமை உண்டு என்று அங்கிருந்த எழுத்தர் ஒருவர் சொன்னார்.

நீதிமன்றப் படிகளில் அவர்கள் இருவரும் நின்றதை நான் தள்ளி நின்று பார்த்தேன். எடெல்மிரா கையில் முத்திரை குத்திய மூன்று தாள்கள்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல நிக்கலை," என்றாள் எடெல்மிரா.

"தெரியும்."

"இத்தனை மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

"தெரியும்மா."

"இதுல நேரம் சரியா எழுதியிருக்கீங்களா?"

"ஒண்ணு பத்து."

எடெல்மிரா தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே குழாயடியில் படிக்கத் தெரிந்த ஒருத்தியை நிறுத்தி, மூன்று தாளையும் உரக்கப் படிக்கச் சொன்னாளாம். தொப்பி வைத்துக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

உபால்டினாவுக்கு எங்கள் மாவட்டத்துத் திரையரங்கில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அன்செல்மோ டிராமுக்குத் திரும்ப முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டினார். இருவரும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். இறப்புப் பதிவேடு என் மேசைக்கு வந்தது.

இரண்டு வருஷம் அந்தத் திரையரங்குப் பக்கமே நான் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் போனேன், படம் பார்ப்பதற்காக அல்ல. அவள் சாம்பல் நிறச் சீருடையில் கதவோரம் நின்றிருந்தாள். டிக்கெட்டை நீட்டினேன்.

"உபால்டினாம்மா, அன்னிக்கு நான் பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன்."

"நீ பாத்தேங்கறது எனக்குத் தெரியாதா இலாரியோ? நீ என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

"சொல்லியிருக்கணும்."

"ஆமா. ஜட்ஜ்கிட்ட சொல்லியிருக்கணும். என்கிட்ட வந்து சொல்றே." டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை என் கையில் வைத்தாள். "உள்ள போ, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். என்ன படம் ஓடியது என்று இன்றுவரை நினைவில்லை. முடிந்து வெளியே வந்தபோது கதவில் வேறொரு பெண் நின்றிருந்தாள்.