அக்கா மனையில் ஓடிய நீலக் கோடு

அக்கா பட்டாசு கம்பெனியில் சரவெடிக்குத் தாள் சுற்றுகிறவள். வாடகை வீடு வாடகை வீடாக மாறியே அலுத்துப்போய், சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற வழியில் ஒரு மனை பார்த்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பேசி முடிக்க ஏற்பாடு. வியாழக்கிழமை நான் கெடுத்தேன்.

வரைபடம் போடுவது என் பிழைப்பு. சேட்டிலைட் அளந்த தரை உயரத்தைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், மழைத்தண்ணீர் எங்கிருந்து எங்கே இறங்கும் என்பதை நீலக் கோடாகக் காட்டும். வீட்டுக் குழாய் ஒழுகினால் பிளம்பரைத் தேடுகிற ஆள்தான் நான். ஆனால் திரையில் தண்ணீர் என் பேச்சைக் கேட்கும் என்று ஒரு மிதப்பு. அக்கா மனைக்கும் சும்மா போட்டுப் பார்த்தேன். அத்தனை மனைகளையும் விட்டுவிட்டு, அவள் அடுப்படிக்கு என்று ஒதுக்கியிருந்த மூலைக்குள் கோடு நுழைந்து, வாசல் வழியாக மரியாதையாக வெளியேறியது.

உடனே புரோக்கர் மேல் சந்தேகம் வந்தது. மனை விற்கிறவர் வேட்டி அவ்வளவு வெள்ளையாக இருந்தால், மழைக்காலத்தில் அவர் மனைப்பக்கமே வந்ததில்லை என்றுதானே அர்த்தம்?

அக்காவுக்கு என் மேல் சந்தேகம். “ஏலே, நான் சொந்த வீட்டுக்குப் போறது ஒனக்குப் பொறுக்கலையா?”

மறுநாள் காலை மூவரும் மனைக்குப் போனோம். தீபாவளி முடிந்து நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. புரோக்கர் லேப்டாப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நெசத்தைச் சொல்லுங்க தம்பி. வேற எந்த மனைக்காரன் அனுப்புன ஆளு நீங்க?”

“எங்கூடப் பொறந்தவண்ணே” என்றாள் அக்கா.

“அப்படி ஆளாப் பாத்துத்தாம்மா அனுப்புவாக.”

வெயிலில் ஒன்றுமே தெரியாத திரையைத் தூக்கிப் பிடித்தேன். பக்கத்திலிருந்த சீமைக்கருவேலங்காட்டைக் காட்டி, “அது மேடு. அதான் தண்ணி இங்கன திரும்புது” என்றேன்.

“மேடா? அந்தப் பள்ளத்துல விழுந்த எங்க மாட்டை நாலு பேரு சேந்துல்ல தூக்குனோம்!”

அதற்குள் அக்கா முள்ளோரம் போய்விட்டாள். கருவேல முள்ளில் முழங்கால் உயரத்துக்கு, ஒரே வரிசையாகச் சிவப்புத் தாள் துணுக்குகள் குத்தி நின்றன. ஒன்றைப் பிய்த்து விரலில் தேய்த்தாள்.

“சரவெடித் தாளு. தெனமும் சுத்துறேன், எனக்குத் தெரியாதா? ஊருக்குள்ள வெடிச்சதைத் தண்ணி இங்கன கொண்டாந்து சேத்திருக்கு. என் மனையில ஒத்தத் தாளு கெடக்கா, பாருலே.”

கிடக்கவில்லை. புரோக்கர் சொன்ன பள்ளம்தான் ஓடை. அதற்குள் அடர்ந்திருந்த கருவேலத்தின் தலையைத்தான் சேட்டிலைட் தரை என்று அளந்திருந்தது. அதை நம்பி நான் ஓடையை மேடாக்கி, அக்கா அடுப்படியை ஓடையாக்கியிருந்தேன். புரோக்கர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் அவர் வேட்டியைப் பார்த்தேன். கரையோரம் சேறு அப்பியிருந்தது.

அக்கா அவரிடம் திரும்பினாள். “இந்த முள்ளை வெட்டி, ஓடையை மண்ணடிச்சுத் தூத்து, மனை போட மாட்டீகளே?”

“இப்போதைக்கு இல்லம்மா” என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மனையை அக்கா வாங்கினாள். ஆனால் கொத்தனாரிடம் பேஸ்மட்டத்தை இரண்டடி கூடுதலாக உயர்த்தச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“என் கோட்டை நம்பித்தானேக்கா ஒசத்துற?”

“ஒன்னையும் நம்பலை, அவரையும் நம்பலை. அதான் ஆளுக்கு ஒரு அடி.”