பாயா ரும்புட் மண்டபத்தில் நான் நடத்திய கடல் வகுப்பு

கடலைப் பற்றி வகுப்பெடுக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வந்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள். நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுகிறவனை யாரும் குறுக்கே கேட்பதில்லை. கடலைப் பற்றிப் பேசினால், போன வாரம் கிளேபாங் கடற்கரையில் மீன் வாங்கியவர்கூட எழுந்து நின்று திருத்துவார். ஆள் சேர்த்துப் பேசிப் பழகிய உங்களுக்கு இந்த வேதனை புரியும். புரியாதவர்கள் ஒருமுறை மைக் பிடித்துப் பாருங்கள்.

நான் முப்பது வருடம் மலாக்காவில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகத் தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுத்தவன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பெல்லாம் நான் விநியோகித்த அறிக்கைகளிலிருந்தும், ரஷ்யாவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களிலிருந்தும் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சங்கம் என்னை வெளியே தள்ளியது. காரணம் கேட்டேன். ‘கட்டுப்பாடு’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அதோடு என் மேடை போயிற்று. மேடையில்லாத பேச்சாளன் வீட்டில் எவ்வளவு தொல்லை என்பதை என் மனைவியிடம் கேட்டால் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய புத்தகக் கட்டிலிருந்து கடல் உயிரினங்கள் பற்றியும் கடலாராய்ச்சியின் வரலாறு பற்றியும் இரண்டு புத்தகங்கள் கையில் கிடைத்தன. படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. தோட்டங்களை விற்றுவிட, நம் ஜனங்கள் பாயா ரும்புட் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்திருந்தார்கள். அங்கே ஒரு பொது மண்டபம். அதன் செயலாளர் பொன்னுத்துரை மாஸ்டர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்ற ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மூன்று மாதம் மண்டபம் கேட்டேன். அரசியல் பேசமாட்டேன் என்று இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டு அவர் சொன்னார்: “இஞ்ச பாரும், கடைசி வகுப்பில இருபது கையெழுத்து இருந்தா மண்டபம் தொடர்ந்து உமக்கு. இல்லையெண்டா பூப்பந்துக்காரருக்கு. பிறகு என்னோட வந்து கதைக்கப்படாது.”

பாட்டிலில் கடல்

முதல் வகுப்புக்குக் கிளேபாங்கிலிருந்து ஒரு பாட்டில் கடல்நீர் கொண்டுபோனேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான உயிர்கள் மிதக்கின்றன என்றேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், பாட்டிலைப் பார்க்கவில்லை. நாம் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய பாதியைத் தருவது இந்த மிதவைத் தாவரங்கள்தாம் என்றேன். அதைச் சிற்றுயிர் தின்னும், சிற்றுயிரைப் பொடி இறால், இறாலை மீன், மீனைப் பெரிய மீன். கரும்பலகையில் ஏணி மாதிரி வரைந்தேன். வரைந்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. “கீழே இருப்பவன் உழைக்கிறான்! மேலே இருப்பவன் விழுங்குகிறான்!” என்று மேசையைக் குத்தினேன். பாட்டில் விழப்போனது.

அதைப் பாய்ந்து பிடித்தவள் தெய்வானை. பதினெட்டு வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவள், இப்போது புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை. பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணே, பொடி எறான்னா கெராகாவ்தானே? பெலாச்சான் எறா விழுதுக்குப் போடுறது? அப்ப நீங்க திட்டுற ஆளு நாங்கதான். இன்னிக்குக் காலையிலகூட சம்பல் இடிச்சி நல்லா விழுங்கிட்டுத்தான் வந்திருக்கேன்.”

கயிறு இழுத்தவர்கள்

கடலாராய்ச்சியின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் கேப்டன்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நான் மாற்றிச் சொல்வதென்று முடிவு செய்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஒரு போர்க்கப்பலின் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் குப்பிகளையும் மைல் கணக்கில் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு உலகக் கடல்களை மூன்றரை வருடம் சுற்றினார்கள். நின்ற இடத்தில் எல்லாம் கயிற்றில் பாரம் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். வலையை அடியில் இழுத்துச் சேற்றை மேலே கொண்டுவந்தார்கள். ஆழத்தில் உயிரே இல்லை என்று சொன்ன அறிஞர்களின் வாய் அந்தச் சேற்றால் அடைபட்டது. படித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. நாளெல்லாம் கயிற்றோடு மல்லுக்கட்டிய மாலுமிகளுக்கு அலுப்புத்தான் மிச்சம். பலர் வழியில் வந்த துறைமுகங்களில் இறங்கி ஓடியே போனார்கள்.

இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, “தோழர்களே, அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் இல்லை” என்றேன். எனக்கே கண் கலங்கியது. லாரி ஓட்டும் முனியாண்டி கையைத் தூக்கினார்: “தலைவரே, அந்தக் கப்பல்ல சங்கம் இருந்துச்சா? இருந்திருந்தா ஓடிப்போனவங்கள அவங்களே ‘கட்டுப்பாடு’ன்னு சொல்லி நீக்கியிருப்பாங்க லா!”

ஒட்டிக்கொள்ளும் மாப்பிள்ளை

ஆழ்கடலில் தூண்டில் மீன் என்று ஒன்று. பெண் மீன் தலையில் விளக்கு ஏந்தி இரை பிடிக்கும். அதில் சில இனங்களில் ஆண் மீன் விரல் நீளம்கூட இருக்காது. இருட்டில் பெண்ணைத் தேடிப் பிடித்து, வயிற்றுப் பக்கம் கடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டின் தோலும் இரத்தக் குழாயும் ஒன்றாகிவிடும். ஆணுக்குக் கண் போய்விடும், குடல் சுருங்கிவிடும், கடைசிவரை பெண்ணின் இரத்தத்திலேயே பிழைக்கும். இதை நான் மிகுந்த விஞ்ஞான கம்பீரத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, தெய்வானையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக வந்த அவள் கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெய்வானை திரும்பி அவரை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள். “எங்க வீட்லயும் ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்குதுண்ணே. ஆனா இதுக்கு இன்னும் குடல் சுருங்கக் காணோமே!”

நீல இரத்தம்

முன்வரிசையில் தவறாமல் உட்கார்ந்தவர் கோபால் மண்டோர். தோட்டத்தில் வேலை வாங்கிய மேஸ்திரி. அவரை எதிர்த்து நான் இரண்டு வேலைநிறுத்தம் நடத்தியிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை என்று வந்தார். நான் அவரைப் பார்க்காமலே பாடம் நடத்தினேன்.

ஒரு ஞாயிறு, மீனவர் ஒருவரிடம் கேட்டு உயிரோடு ஒரு பெலங்காஸை, அதாவது குதிரைலாட நண்டை, வாளியில் கொண்டுபோனேன். கவிழ்த்த சட்டி மாதிரி ஓடும், ஈட்டி மாதிரி வாலும் உள்ள பிராணி. டைனோசருக்கு முன்பே இதன் பரம்பரை கடலில் இருந்தது, இதன் இரத்தம் நீல நிறம் என்றேன். ஊசி மருந்தில் கிருமி விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்க அந்த இரத்தம் உதவுகிறது; வெளிநாட்டில் இதைப் பிடித்து, கட்டி வைத்து, இரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு மறுபடி கடலில் விட்டுவிடுகிறார்கள்; அதில் கொஞ்சம் செத்தும் போகின்றன. “இதற்கு என்ன பெயர் தோழர்களே?” என்று கேட்டு நிறுத்தினேன். ‘சுரண்டல்’ என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். கோபால் மண்டோர் தொண்டையைச் செருமினார்: “திரும்ப விட்டுடறானா? பரவால்லயே, நல்ல மேனேஜ்மெண்டாத்தான் இருக்கும் போல.”

ஜன்னல் இல்லாத கப்பல்

இன்னொரு வாரம், ‘கடலோடிகளின் வாரிசுகள் நாம்’ என்ற தலைப்பில் பேசினேன். நம் பெற்றோரும் கடல் கடந்தவர்கள், அவர்களும் ஒருவகையில் ஆய்வுப் பயணிகளே என்று போட்டுத் தாக்கினேன். நல்ல கைதட்டல். கோபால் மண்டோர் மட்டும் தட்டவில்லை. பழைய பகை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே சாலையோர ஒட்டுக்கடையில் அவர் தனியாக நின்றிருந்தார். என்னமோ தோன்றி, அவருக்கும் சேர்த்துத் தே தாரிக் தேநீர் சொன்னேன். எட்டு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவராம். இத்தனை வருடம் அவரை எதிர்த்துக் கத்தியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. கோப்பையைக் கீழே வைக்காமல் சொன்னார்: “ஏழு நாள் கடலுக்கு மேலயேதான் இருந்தேன் தம்பி. அடித்தட்டுல ஜன்னல் ஏது? வாந்தி நாத்தம், தண்ணி வந்து மோதுற சத்தம், அவ்வளவுதான். எறங்கறப்பகூட நான் பயந்துடுவேன்னு எங்கம்மா எங் கண்ணப் பொத்திட்டா. கடலு உள்ளுக்க எப்படி இருக்கும்னு ஒன் வகுப்புலதான் பாக்கறேன்.”

சுற்றி வந்த தாள்

கடைசி வகுப்பு. பாடம், கடலின் ஏற்ற இறக்கம். நிலவு எப்படி நீரை இழுக்கிறது, பத்திரிகையில் வரும் ஏற்ற இறக்க அட்டவணையை எப்படி வாசிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மண்டபத்தில் முப்பத்து நான்கு பேர். எண்ணி வைத்திருந்தேன். இருபது போதும், எனக்கு மேடை நிச்சயம் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அதுவரை நான் வருகைப் பதிவு எடுத்ததில்லை. தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்த ஜனங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அவர்களைப் பெயர் சொல்ல வைப்பதா என்ற வீம்பு. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோடு போட்ட தாளை எடுத்தேன். பழக்க தோஷம், மேலே ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்’ என்று எழுதித் தொலைத்துவிட்டேன். கோபால் மண்டோர் முதல் ஆளாகப் போட்டார். முனியாண்டி போட்டார். அதற்குப் பிறகு தாள் வேகமாக நகர்ந்தது. சூடான சட்டியைக் கை மாற்றுவது போல ஒருவர் அடுத்தவரிடம் தள்ளினார். திரும்பி வந்தபோது ஆறு கையெழுத்து. பேனா எழுதவில்லை போலும் என்று வேறு பேனா கொடுத்து இன்னொரு சுற்று அனுப்பினேன். அதே ஆறு.

யாரும் எழுந்து போகவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை. கடைசியில் தெய்வானை தாளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். சத்தம் போடாமல் சொன்னாள்: “கோவிச்சுக்காதீங்கண்ணே. தண்ணிக் கொழா கேட்டு நீங்க கொண்டாந்த தாள்ல எங்கப்பா மொத ஆளா கையெழுத்துப் போட்டாரு. அடுத்த வாரமே தோட்டத்து லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இங்க ஒக்காந்திருக்கறதுல பாதிப் பேரு வீட்ல அந்தக் கத இருக்கு.”

எழுத்தில் வேண்டும்

அந்தத் தண்ணீர்க் குழாய்ப் போராட்டத்தை நான் எத்தனையோ மேடையில் வெற்றி என்று சொல்லியிருக்கிறேன். குழாய் வந்தது உண்மைதான். அது வந்தபோது அங்கே தண்ணீர் பிடிக்க யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அந்தத் தாளை மானேஜர் மேசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வைத்தவன் நான்தான். எனக்குச் சங்கம் இருந்தது, வேறு ஊரில் வீடு இருந்தது.

பொன்னுத்துரை மாஸ்டர் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். ஆறு. மண்டபத்தையும் பார்த்தார். முப்பத்து நான்கு. “தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள் மாஸ்டர், கண்முன்னால்தானே இருக்கிறார்கள்” என்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் கெஞ்சினேன். அவருக்கும் மனம் சங்கடப்பட்டது; மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியுது ஐயா. ஆனா கமிட்டிக்குக் காட்ட எனக்குத் தாள் வேணும். எழுத்தில தா, எழுத்தில தா எண்டு வாழ்நாள் முழுக்கக் கத்தினது நீர்தானே?”

கிளேபாங் சேறு

அடுத்த ஞாயிறு, பாடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்த என் குப்பிகளை எடுத்துப்போக மண்டபத்துக்குப் போனேன். உள்ளே வலை கட்டிப் பூப்பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே முனியாண்டியின் லாரி நின்றது. பின்தட்டில் தெய்வானையும், கோபால் மண்டோரும், இன்னும் இருபது பேருக்கு மேலும். பத்திரிகை அட்டவணையைப் பார்த்து, ஐந்து மணிக்குத் தண்ணீர் நன்றாக உள்வாங்கும் என்று அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. மண்டோர் கை கொடுத்து என்னை மேலே இழுத்துவிட்டார்.

கிளேபாங் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் சேறு பளபளத்தது. சேற்று மீன்கள் துடுப்பை ஊன்றித் தாவின. நட்டிருந்த கம்புகளில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர்கள் வாயை மூடிக்கொண்டு நீருக்காகக் காத்திருந்தன. தெய்வானை சாரோங்கை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். இரண்டு வருடத்துக்கு மேல் அந்த வகுப்பு அங்கேதான் நடந்தது, பெயரும் இல்லாமல், பதிவும் இல்லாமல். அன்று நான் செருப்பைக் கழற்றும்போது முனியாண்டி வழியை மறித்தார்: “தலைவரே, சட்டப் பையில பேப்பர் ஏதாச்சும் இருக்கா? இருந்தா லாரியிலயே வெச்சிட்டு வாங்க.”

என் கூட்டங்களைப் போலீஸ் கலைத்திருக்கிறது, மானேஜர் கலைத்திருக்கிறார், என் சொந்தச் சங்கமே கலைத்திருக்கிறது. எத்தனை மணிக்கு வந்து கலைப்பேன் என்று முன்கூட்டியே அச்சடித்துச் சொல்லிவிட்டுக் கலைத்தது கடல் ஒன்றுதான்.