கதவின் மேல் துண்டு

என் மனைவி சியாமளாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் நேரமானால் போதும், கதவைத் தட்டி, "இன்னாங்க, இருக்கீங்களா?" என்பாள். இப்போது வாகட்டில் ஃப்ளாட், வீட்டுக்குள்ளேயே குளியலறை, வெளியே வரிசையில் நிற்க ஒரு ஈ காக்கை கிடையாது. இருந்தும் தட்டுவாள். கல்யாணமான புதிதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருக்காமல் எங்கே போய்விடுவேன், ஜன்னல் வழியாகக் குதித்து பம்பாய்க்கா?

அவள் இங்கேயே, கட்கியை ஒட்டிய போபோடியில் பிறந்தவள். அப்பா சின்னதுரை வட ஆற்காட்டிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். நான் ஜம்பு, தேஹு ரோடுக்காரன், அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். கம்ப்யூட்டர் எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. இங்கே நான் சொல்லும் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் நான் வெங்காயம் நறுக்க, அவள் ஆபீஸைத் திட்டிக்கொண்டே சொன்னது. தப்பிருந்தால் வெங்காயத்தின் மேல் பழி போடுங்கள்.

வருஷக்கணக்காக டேட்டா என்ட்ரி தட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தொண்ணூற்றேழில் சிவாஜிநகர் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் பெரிய யூனிக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அந்த வேலை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அப்பா போன பிறகு அவருடைய இடத்தை அம்மா பார்வதிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் யாருடைய சாவும் இல்லாமல் வந்த முதல் வேலை இதுதான் என்று அவளே ஒருமுறை சொன்னாள்.

அந்த மெஷினில் ஒரு ஃபைல் உண்டாம். ஆபீஸில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி. வரி இருந்தால் மெஷின் உள்ளே விடும், இல்லாவிட்டால் நீ எந்த ஊர் ராஜாவாக இருந்தாலும் வெளியேதான். புதிதாகச் சேர்பவருக்கு வரி சேர்ப்பதும் போகிறவர் வரியை எடுப்பதும் சியாமளாவும் ஷபானா என்ற இன்னொரு பெண்ணும் செய்யும் வேலை. ஒரே நேரத்தில் இருவரும் அந்த ஃபைலைத் திறந்தால் வந்தது வினை. கடைசியாக யார் சேமிக்கிறாரோ அவர் எழுதியதுதான் நிற்கும், மற்றவர் செய்தது போன இடம் தெரியாது. இப்படிச் சில பேர் வேலைக்குச் சேர்ந்த அன்றே மறைந்து போனார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து ஒரு வியாழக்கிழமை நடந்தது. வியாழன் என்றால் எங்கள் பக்கம் கரண்ட் போகும் நாள். ஆபீஸ் பேட்டரியும் பேருக்குத்தான் இருந்தது. சியாமளா ஃபைலைச் சேமிக்கும் நொடியில் மின்சாரம் போய், பாதி ஃபைல்தான் மிஞ்சியது. காணாமல் போன பாதியில் மேலாளர் கோட்னீஸ் சாரின் வரியும் இருந்தது. அவர் முகம் போன போக்கை ஷபானா நடித்துக் காட்டியிருக்கிறாள். இனி இப்படி நடக்காமல் ஒரு வழி செய், இல்லையென்றால் நிரந்தரம் என்ற பேச்சே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அவள் உட்கார்ந்து சில ஃபங்ஷன்கள், அதாவது குட்டிக் குட்டி புரோகிராம்கள், எழுதினாள். யார் எந்த புரோகிராமை ஓட்டினாலும் அந்த ஃபைலைத் தொட இவற்றைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் ஒரு துண்டு போட வேண்டும், அதாவது நான் உள்ளே இருக்கிறேன் என்று ஓர் அடையாளம். பிறகு அசல் ஃபைலில் கை வைக்காமல் நகல் எடுத்து, நகலில் திருத்தி, எல்லாம் முடிந்த பின் ஒரே மூச்சில் நகலை அசலின் இடத்தில் வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது முழுசாக இருக்கும். கடைசியில் துண்டை எடுத்துவிட வேண்டும்.

துண்டு என்று பெயர் வைத்தது அவள்தான். போபோடியில் அவர்கள் சந்துக்குப் பொதுக் கக்கூஸ். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் கதவின் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் போடும் துண்டுக்காக நம் ஆட்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் இந்தத் துண்டுக்குச் சண்டையே வந்ததில்லை. துண்டு கிடந்தால் கிட்டே போகக் கூடாது, குரலும் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பவரைக் கூப்பிடுவது அவர்களுக்கு மானக்கேடு.

அந்த மரியாதையை அவள் அப்படியே புரோகிராமில் எழுதிவிட்டாள். துண்டு கிடந்தால் காத்திரு, போட்டவர்தான் எடுக்க வேண்டும். அடுத்த கரண்ட் கட்டில் துண்டு போட்ட புரோகிராம் நடுவிலேயே செத்துப் போனது. மின்சாரம் திரும்பி வந்த பிறகும் துண்டு கிடந்தது. மற்ற புரோகிராமெல்லாம் கை கட்டிக் காத்து நின்றன. மெஷினில் வேலை பார்க்க வந்த வாடிக்கையாளர் கம்பெனி ஆட்கள் தங்களுக்கு வரி கிடைக்காமல் வரவேற்பறையில் டீ குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கோட்னீஸ் முருங்கை மரம் ஏறிவிட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, துண்டு கிடந்து ஐந்து நிமிஷமானால் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகும்படி மாற்று என்றார். அவள் மாட்டேன் என்றாள். பெரிய பட்டியல் வந்தால் உள்ளே இருப்பவர் வேலை முடிக்க இன்னும் நேரமாகும், உயிரோடு வேலை செய்பவரின் துண்டை எடுத்தால் மறுபடியும் இரண்டு பேர் ஒரே ஃபைலில் என்றாள். அவர் கேட்கவில்லை. அடுத்த வியாழனுக்குள் மாற்று, இல்லையென்றால் வராதே என்றார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயேன், ஊரோடு ஒத்துப் போக வேண்டாமா என்று கேட்டு, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டி முடித்த பிறகுதான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். மாரடைப்பு என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும்.

அவள் ஒன்பதாவது படித்தபோது நடந்தது. காலை ஷிப்டுக்கு முன்னால் சின்னதுரை கக்கூஸுக்குப் போயிருக்கிறார். கதவின் மேல் அவருடைய நீலக் கட்டம் போட்ட துண்டு. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும். சின்னதுரைக்கு இன்று வயிறு சரியில்லை போல என்று பேசிக்கொண்டு காத்திருந்தார்கள், சிலர் பக்கத்துச் சந்துக்குப் போனார்கள். ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. தொழிற்சாலையின் போங்கா, அதாவது ஷிப்டுச் சங்கு, ஊதியும் மனிதர் சாப்பாட்டு டப்பா வாங்க வரவில்லையே என்று பார்வதி தேடி வந்து கதவைத் தள்ளினார். அப்போதுகூட உடம்பில் சூடு இருந்ததாம். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வரிசையில் நின்றவர்களில் இவளும் ஒருத்தி.

"கேக்காம துண்ட இழுக்கவும் கூடாது. கேக்காம நின்னுகினு இருக்கவும் கூடாது," என்றாள். "நான் ரெண்டாவது தப்ப மறுபடியும் பண்ணிட்டேன்."

கோட்னீஸ் சொன்னபடி அவள் எழுதவில்லை. மெஷினில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டாம். துண்டு போடும்போதே அந்த எண்ணையும் ஓடத் தொடங்கிய நேரத்தையும் துண்டின் மேல் எழுதி வைக்கச் செய்தாள். பின்னால் வரும் புரோகிராம் அந்த எண்ணைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வந்தால் காத்திருக்கும். வராவிட்டால் துண்டை எடுத்துவிட்டு உள்ளே போகும். அதே எண் பிறகு வேறொரு புரோகிராமுக்குப் போயிருந்தால், நேரம் ஒத்துப் போகாமல் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

புதன்கிழமை ஷபானா பெரிய பட்டியல் ஒன்றை ஏற்ற, வெகுநேரம் பிடித்தது. சியாமளாவின் புரோகிராம் கேட்டது, பதில் வந்தது, பொறுமையாக நின்றது. கோட்னீஸ் பல்லைக் கடித்தார், ஆனால் ஒரு வரிகூடத் தொலையவில்லை. வியாழன் ஒரு புரோகிராம் துண்டு போட்டு வேலை செய்யும் நடுவில் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்ததும் கோட்னீஸ் இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார், இன்றோடு இவள் கதை முடிந்தது என்பது போல. புரோகிராம் கேட்டது, பதில் இல்லை, துண்டை எடுத்தது, வேலையை முடித்தது. ஃபைல் முழுசாக இருந்தது. அவர் தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, சரி, திங்கட்கிழமை வந்து நிரந்தர உத்தரவை வாங்கிக்கொள் என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மிட்டாய் வாங்கி வந்தேன். அவள் பெட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு மிஷின் கூப்பிட்டுப் பாக்குதுங்க," என்றாள். "நான் அப்பான்னு ஒரு தபா கூப்பிடல."

அதற்குப் பிறகு அவள் ஹிஞ்சேவாடியில் பெரிய கம்பெனிக்குப் போனாள், நாங்கள் வாகட்டுக்கு வந்தோம். கதவைத் தட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. நானும் இப்போது ஒரு தட்டுக்கே, வாயில் பிரஷ் இருந்தாலும், இருக்கேன் என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.