தூங்கட்டும் என்று விட்ட காலை

இசக்கிசெல்வி எங்கள் மட்டாஞ்சேரியில் சிரித்தால், தள்ளியிருக்கும் சுள்ளிக்கல்லில் பஸ் நிற்கும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், இன்னும் கூட்டிச் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் மாநகராட்சித் துப்புரவு வேலையில் இருந்தவர்கள். மகள் நர்ஸ் படித்து, ஆலுவாவுக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். புருஷன் பாண்டியராஜ் வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டினான். லீவு கிடைத்தால் அவளுடைய குவார்ட்டர்ஸுக்கு ஓடிவிடுவான்.

அப்படி வந்தவன், ஒரு கோடையில் புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தான். விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“ஏட்டி, வயிறு பெரளுது. காதுல வேற எறும்பு கடிச்சிட்டு.”

“ஏழு பொரோட்டாவ உள்ள தள்ளுனா பெரளாம என்ன செய்யும்? எறும்புக்கும் ஒங்க காதுதான் கெடச்சுதோ!”

வாயுவுக்கு மாத்திரை கொடுத்தாள். அவனுக்குக் கண் சொருகியது. லாரி ஓட்டிய அலுப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

திரும்பி வந்து எழுப்பினால் அவனால் இமையைத் தூக்க முடியவில்லை. பேச்சு மூக்கால் வந்தது. கடித்தது எறும்பல்ல, கட்டுவிரியன். ராத்திரியில் தரையில் படுத்தவர்களைத்தான் அது கடிக்கும்; கடித்த இடம் வீங்காது, வலிக்காது. விடிந்ததும் வயிறு வலிக்கும், பிறகு இமை இறங்கும், மெல்ல மெல்ல மூச்சு நிற்கும். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருந்தது. உடம்புக்கு ஒவ்வாமல் போனால் யார் சமாளிப்பது என்று பயந்து, போடாமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆலுவாப் பாலம் வருவதற்குள் மூச்சு நின்றது. இதை மட்டும் எனக்குக் கூட்டவும் தெரியவில்லை, குறைக்கவும் தெரியவில்லை.

ஊர்ப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொள் என்றார்கள். செல்வி மாட்டேன் என்றாள். இன்னொருத்தரை அப்படிப் போக விடமாட்டேன் என்று புதிதாக வந்த டாக்டர் ஷைலஜாவைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சண்டை போட்டு ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். காலையில் வயிற்றுவலி என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பதுதான். விஷக்கடி என்றால் மருந்து இங்கேயே; ஆம்புலன்ஸ் அப்புறம். ஆனால் அவள் ஊருக்கு வந்துபோகும் நாட்களில் சுள்ளிக்கல்லில் பஸ் எதுவும் நிற்கவில்லை.

மழைக்காலத்தில், ரப்பர் வெட்டும் சஜியை அவன் மனைவி கூட்டி வந்தாள். வயிற்றுவலி. பெஞ்சில் சாய்ந்துவிட்டான்.

“ராத்திரி எங்க படுத்தாரு?”

“தாழ, தரையிலதான் சிஸ்டரே. பாவம், கொறச்சு நேரம் உறங்கட்டே.”

“உறங்கக் கூடாது!” செல்வி போட்ட சத்தத்தில் வரிசையே எழுந்து நின்றது. “சேட்டா, கண்ணத் தொறங்க. மேல பாருங்க.”

இமை ஏறவில்லை.

டாக்டர் அங்கேயே மருந்தை ஏற்றினார். மூச்சு தளர்ந்ததும் தொண்டையில் குழாய் இறக்கினார். செல்வி ரப்பர் பையைக் கையால் பிதுக்கிப் பிதுக்கி அவனுக்கு மூச்சு கொடுத்தாள். ஆம்புலன்ஸில் கை மரத்துப்போயும், “கொண்டா செல்வி, நான் பிடிக்கறேன்” என்று டாக்டர் கேட்டும் கொடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டரில் போட்ட பிறகுதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள்.

சஜி பிழைத்தான். உடம்பு தேறியதும் ஒரு பை கப்பைக்கிழங்கோடு நடந்தே வந்தான்.

“சிஸ்டருக்கு எப்படி இத்தற வேகத்துல மனசிலாச்சு?”

“படிச்சிருக்கேன்ல, சேட்டா.”

கப்பையை வாங்கி வைத்துவிட்டு, ஊசி போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு நெடுநேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.