பந்து எறியும் மெஷினுக்கு எலுமிச்சம்பழம்

என் வலது தோள் கெட்டுப்போன விஷயத்தை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும் சொன்னேன். கையைத் தோளுக்கு மேல் தூக்கி இனி எதையும் எறியக் கூடாது, எறிந்தால் சட்டை மாட்டிவிடவும் ஆள் தேட வேண்டியிருக்கும் என்றார் அவர். நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அன்று சாயங்காலமே மைதானத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்தேன்.

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். மதுரையிலிருந்து போன் பேசும் சொந்தக்காரர்கள் ‘கிரிக்கெட்தானே’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் என் போன் பேலன்ஸ் தீரும், அவர்களுக்கும் புரியப் போவதில்லை. குழுவை நடத்துபவர் ஒரு பள்ளிக்கூடத்தின் டிரில் டீச்சர், பர்மியப் பெண்மணி. டீச்சரம்மாவை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். சயாமா சத்தம் போட மாட்டார். சத்தம் போடாமலே எல்லோரையும் நடுங்க வைப்பார், பெற்றோர்களையும் சேர்த்து.

மகளை மைதானத்தில் கொண்டுவந்து விட வந்தவன்தான் நான். சும்மா நிற்கப் பிடிக்காமல் ஒருநாள் பந்தை எடுத்து எறிந்தேன். சின்ன வயதில் அடுத்த வீட்டு மாங்காயை அடித்து வளர்ந்த கை, குறி தப்பவில்லை. அன்றிலிருந்து நானே பந்து எறிபவன். அலோன் பக்கம் ஒரு கிடங்கில் நான் கிளார்க். அங்கே என்னைப் பார்த்தால் காவல் நாய்கூட எழுந்திருக்காது. மைதானத்திலோ தலைக்கவசம் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று என் கையையே பார்ப்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் என் மகள் அம்மாவோடும் போனோடும் பர்மிய மொழியில்தான் பேசுவாள். என்னோடு பேசுவது ‘உம்’, ‘ம்ஹூம்’ என்ற இரண்டு சொல்தான். மைதானத்தில் நான் எறிந்து அவள் அடிக்கும் நேரத்தில் மட்டும்தான் பன்னிரண்டு வயதுப் பெண் தன் அப்பாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

எங்கள் பயிற்சிக்கு ஒரு விதி உண்டு. பத்துப் பந்து மட்டையில் பட்டால்தான் ஒரு பிள்ளையின் முறை முடியும். படாதது, அடிக்காமல் விட்டது எதுவும் கணக்கில் சேராது, அதற்குப் பதிலாக நான் இன்னொன்று எறிய வேண்டும். என் மகளின் முறைதான் சீக்கிரம் முடியும். நான் எப்படி எறிந்தாலும் அடித்துவிடுவாள். தலைக்கு மேல் போனால் எம்பி அடிப்பாள், தரையில் உருண்டால் குனிந்து அடிப்பாள். என் ரத்தம் என்று மார் தட்டிக்கொள்வேன், இடது கையால்.

இந்த நேரத்தில்தான் சயாமா மெஷின் பேச்சை எடுத்தார். தானாகப் பந்து எறியும் மெஷின், எளிதில் தூக்கிப்போகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். பிள்ளைகள் ஒரே வேகத்தில், ஒரே இடத்துக்கு வரும் பந்தை அடித்துப் பழக வேண்டும் என்றார். என் பந்து சமீபத்தில் நாளுக்கு ஒரு மாதிரி வருகிறது என்பதை மிகவும் மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் இரண்டு மடங்கு வலித்தது. மெஷின் வந்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? தண்ணீர் பாட்டில் தூக்குகிற வேலைதான்.

மெஷினை அன்பளிப்பாகத் தர என் மச்சான் முன்வந்தான். என் மனைவியின் தம்பி, மோட்டார் பாகங்கள் விற்கிறவன். இந்த ஊரில் தர்மம் செய்தால் பேர் எழுத வேண்டும். புத்த மடத்து மின்விசிறியின் இறக்கையில்கூட, இறக்கைக்கு ஒரு குடும்பமாகப் பேர் எழுதியிருப்பார்கள், சுற்றும்போது எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். ஆகவே மச்சானுக்கு இருந்த ஒரே கேள்வி, மெஷினில் பேர் எழுத இடம் இருக்கிறதா என்பது. ஆக, தேர்வுக் குழுவில் மூன்று பேர்: விளையாட்டு தெரிந்த சயாமா, இடம் தேடும் மச்சான், மெஷினே வேண்டாம் என்று நினைக்கும் நான்.

அலோனில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய டிரெட்மில்களும் உடற்பயிற்சிச் சாமான்களும் இறக்குமதி செய்து விற்கும் வேறொரு கிடங்கில் மூன்று மெஷின்கள் கிடந்தன. முதலாவது ஆள் உயரம், இரண்டு சக்கரம், பக்கவாட்டில் பெரிய தகடு. மச்சான் அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. தாத்தா பேரிலிருந்து ஆரம்பித்து எழுதலாமே. ஆனால் அது வீட்டுக் கரண்டில் ஓடுவது. ரங்கூனில் கரண்ட் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது, மைதானத்திலோ ஒரு பிளக்கும் கிடையாது. சயாமா அந்த மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவதில் கரண்டே வேண்டாம். காலால் மிதித்தால் ஸ்பிரிங் விசையில் ஒரு கை எழும்பிப் பந்தை வீசும். கிடங்கின் சுவரைப் பார்த்து நான் மிதித்தேன். பந்து நிதானமாக எழும்பி, ஊரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, பாதி வழியில் இறங்கியது. இதுதான் நல்ல மெஷின் என்று நான் அடித்துச் சொன்னேன். பாதுகாப்பு, சிக்கனம், கால்களுக்குப் பயிற்சி என்று அடுக்கினேன். இந்த மெஷினை வாங்கினால் ஒரு வாரத்தில் என்னைக் கெஞ்சிக் கூப்பிடுவார்கள் என்பது என் கணக்கு. சயாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். கள்ளத்தனமாக இட்லியை மேசைக்குக் கீழே நாய்க்குப் போடும் பையனைப் பார்க்கிற பார்வை அது.

மூன்றாவது சின்னது. முக்காலி மேல் ஒற்றைச் சக்கரம், மேலே ஒரு குழாய். குழாயில் பந்தைப் போட்டால் சுற்றுகிற ரப்பர் சக்கரம் அதைப் பிடித்துத் தள்ளிவிடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி போதும். இப்போது இந்த ஊரில் அரிசிப் பானை இல்லாத வீடு இருக்கலாம், பேட்டரி இல்லாத வீடு கிடையாது. சயாமா பந்தைப் போடப் போட, சுவரில் ஒரே இடத்தில் போய்ப் பட்டது. கடைசியாக அவர் வெளியே போய் எங்கள் டாக்சியின் டிக்கியைத் திறக்கச் சொன்னார். இங்கே டாக்சி டிக்கியில் பாதி இடத்தைக் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். மிச்சப் பாதியில் மெஷினைச் சாய்த்து வைத்தார், டிக்கி மூடிக்கொண்டது. அத்தோடு தேர்வு முடிந்தது. பேர் எழுத இடம் முக்காலியின் ஒரு காலில்தான் இருந்தது. மச்சானின் முகம் வாடியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பேர் போனாலும் பூசையை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. சக்கரம் உள்ள எதுவும் பூசை போடாமல் ஓடக் கூடாது என்பது அவன் கட்சி. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பூசாரியையே மைதானத்துக்குக் கூட்டிவந்துவிட்டான். பூசாரி மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார். லாரிக்குப் பூசை போட்டிருக்கிறார், தையல் மெஷினுக்குப் போட்டிருக்கிறார், இதற்கு எது முன்பக்கம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் தொழில் சுத்தம். ரப்பர் சக்கரத்துக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம், கழுத்து மாதிரி இருந்த இடத்தில் ஒரு மாலை. பர்மியப் பிள்ளைகள் எல்லாரும் பயபக்தியோடு கும்பிட்டார்கள்.

அடுத்தது எலுமிச்சம்பழம். வண்டியென்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றலாம். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்கு எங்கே வைப்பது? குழாயில்தான் என்று மச்சான் தீர்ப்பளித்தான். சுவிட்சைப் போடச் சொன்னான், போட்டேன். சக்கரம் சுற்றியதும் விபூதியும் குங்குமமும் கிளம்பி எல்லோர் முகத்திலும் அப்பின. குழாயில் போட்ட பழம் சின்னது, சக்கரத்தில் படாமலே கீழே விழுந்து உருண்டது. பழம் நசுங்காவிட்டால் அபசகுனம் என்று சொல்லி, பையில் இருந்த பழங்களை மொத்தமாக வாரிப் போட்டான். மெஷின் ஒரு கணம் திக்குமுக்காடியது. பிறகு அத்தனையையும் கூழாக்கி, எதிரில் கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரியின் மேல் ஒரே மூச்சில் துப்பியது. கற்பூரம் அணைந்துவிட்டது. தன் வாழ்நாளில் இவ்வளவு திருப்தியாகப் பழம் நசுங்கிப் பார்த்ததில்லை என்றான் மச்சான்.

பூசாரியைத் துடைத்து அனுப்பிவிட்டோம். சக்கரத்தைத் துடைக்கவில்லை. பிரசாதத்தைத் துடைக்கக் கூடாதாம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், மச்சான் முதல் பந்தைப் போட்டான். சந்தனமும் சாறும் வழிந்த ரப்பரில் வழுக்கிக்கொண்டு அது நேராக வானத்துக்குப் போனது. அடுத்தது தரையில் விழுந்து ஊர்ந்தது. அதற்கடுத்தது தென்னை மரத்தை அடித்தது. நான் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தேன். சிரிப்பு தாங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று மச்சானிடம் சத்தமாகச் சொன்னேன். உள்ளுக்குள் முருகனுக்கு ஒரு நன்றி.

மற்றப் பிள்ளைகள் அந்தக் கோணல் பந்துகளை அடிக்காமல் விட்டார்கள். மோசமான பந்தை விடுவதும் ஆட்டம்தான், சயாமா சொல்லிக் கொடுத்தது. என் மகளின் முறை வந்தது. அவள் மட்டும் ஒன்றையும் விடவில்லை. வானத்துக்குப் போனதற்கு எம்பினாள், தரையில் ஊர்ந்ததற்குக் குனிந்தாள், ஆளைவிட்டு ஒரு முழம் விலகிப் போனதற்கும் தாவி வீசினாள். விடு, விடு என்று சயாமா சொல்லச் சொல்ல வீசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சயாமா மெஷினை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதம் லைங் தாயா பகுதிக் குழுவோடு ஆட்டம் இருந்தது. எல்லாப் பந்துக்கும் வீசுகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது, இந்தக் கெட்ட பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். எப்போதும் போல மெதுவாகத்தான் கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்டிலை வைத்துவிட்டு நான் எழுந்தேன். மெஷின் கோணல், பிள்ளை என்ன செய்வாள் என்று சண்டை பிடிக்கத்தான் போனேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் என்னைப் பார்த்துத் தமிழில் பேசினாள். சயாமாவுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் புரியக் கூடாது என்றுதான் தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

“நான் அடிக்காம விட்டா அப்பா இன்னொண்ணு எறியணும்ல. அப்பாவுக்குத் தோள் வலிக்கும்ல.”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலே. ஒவ்வொண்ணும் எறியும்போது அப்பா கண்ணை மூடுறீங்க.”

என்னை நேருக்கு நேர் பார்த்து அவள் கண்டுகொண்டிருந்தது இதைத்தான். சயாமா என்ன விஷயம் என்று கேட்டார். என் தோள் கெட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று பர்மிய மொழியில் நானே சொன்னேன். அவர் மெதுவாகத் தலையசைத்தார். அவருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்று தோன்றியது.

நான் மெஷினிடம் போய்ச் சட்டை நுனியால் சக்கரத்தைத் துடைத்தேன். பிரசாதம் என்று மச்சான் ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பிசுக்கு முழுதாகப் போகவில்லை. இடது கையால் ஒரு பந்தை எடுத்து உயர்த்திக் காட்டிவிட்டுக் குழாயில் போட்டேன். அது அவள் தலைக்கு மேல் போனது. அவள் தோள்கள் எம்பத் தயாராகிப் பாதியில் நின்றன. மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“விடும்மா,” என்றேன். “இதுக்கு வலிக்காது.”

அடுத்ததைப் போட்டேன். அதுவும் விலகித்தான் போனது. அதையும் அவள் விட்டாள்.